அக்காவின் பெயரில் வந்த குப்பை அஞ்சல்கள்

மட்டக்களப்பில் ஒரு நிவாரண நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் வந்ததும் முதலில் குப்பை அஞ்சல்களைத் திறப்பேன். சந்தேகமானவற்றைக் கொழும்புத் தலைமையகத்தின் சேர்வர் தானாகவே பிடித்து ஒரு தனிப்பெட்டியில் போட்டுவிடும். இரண்டு வாரத்தில் அவை அழிந்துபோகும். அதற்குள், தவறுதலாக அகப்பட்டவற்றை நான் விடுவிக்க வேண்டும். தமிழ் எழுத்தைக் கண்டாலே அந்தச் சேர்வருக்குச் சந்தேகம். கிராமச் சங்கங்கள் அனுப்பும் கோரிக்கைகள், லொத்தர்ச் சீட்டு மோசடிகளுக்கும் மலிவு மாத்திரைகளுக்கும் நடுவில் கிடக்கும்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஒரு நாள், அந்தப் பெட்டியில் அக்காவின் பெயரைக் கண்டேன்.

அக்கா எனக்கு அடுத்த மேசையில் இருந்தவர். பெண்கள் பிரிவின் கள அலுவலர். செட்டிபாளையத்தில் கடலோரம் வீடு. நான்கு வருடங்களுக்கு முன் சுனாமி வந்தபோது வீட்டில் தனியாக இருந்தார். உடல் கிடைக்கவில்லை. பிறகு அவருடைய கணவருக்கு எங்கள் நிறுவனமே களஞ்சியப் பொறுப்பாளர் வேலை கொடுத்தது.

'எப்படி இருக்கிறாய், இதைப் பார்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே ஏதோ மருந்துக் கடையின் இணைப்பு. அக்காவின் சொந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டை யாரோ திருடி, அதிலிருந்த முகவரிகளுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் அழிக்கக் கை வரவில்லை.

அடுத்த வாரம் அதே போன்ற ஒன்று சேர்வருக்குத் தப்பி, அவர் கணவரிடமே போய்விட்டது. களஞ்சியத்திலிருந்து என் அறைக்கு வந்தார்.

"தங்கச்சி, அவட பேர்ல ஒண்டு வந்திரிக்கி."

"அது அக்கா இல்ல அண்ணன். ஆரோ களவா அனுப்புறாங்க. நான் மறிச்சு விடுறன்."

"மத்த ஆக்களுக்கு மறி. எனக்கு வரட்டும்."

"கொழும்பில கேப்பாங்க."

"பொய்யெண்டு தெரியும். பேரை மட்டும் பாக்கிறன்."

அந்த முகவரியை எல்லோருக்கும் அடைத்தேன். அவருக்கு வருவது மட்டும் அவருடைய குப்பைப் பெட்டிக்குள் விழும்படி செய்தேன். ஒவ்வொரு நாளும் களஞ்சியத்தைத் திறக்கும் முன் என் அறைக்கு வந்து திரையின் முன் உட்காருவார். எதையும் திறந்து வாசிக்கமாட்டார். பார்த்துவிட்டு எழுந்து போவார்.

சண்டை நடந்த வன்னியில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாத காலம் அது. இறந்துவிட்டார் என்று வீட்டார் அழுது முடித்த ஒருவர் முகாமில் இருப்பதாகச் செய்தி வரும். ஒரு நாள் அண்ணன் கேட்டார்: "அவ எங்கயாவது ஒரு ஆசுபத்திரியில நினைவில்லாமக் கிடந்திருந்தா?" அன்று பின்னேரம், அந்த அஞ்சல்கள் அனுப்பப்பட்ட நேரங்களை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வேலைக்கு வரும் நேரத்தோடு ஏதாவது பொருந்துகிறதா என்று தேடுகிறேன் என்பது புரிந்ததும் பயந்து திரையை அணைத்தேன்.

யுத்தம் முடிந்தது. டவுனில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சில வாரங்களில் அந்த அஞ்சல்களும் நின்றன.

"இண்டைக்கும் இல்லயா?"

"இல்ல அண்ணன். மின்னஞ்சல் கொம்பனியே அந்தக் கணக்கை மூடிட்டாங்க போல."

"மறுகா ஒரு நாளும் வராதா?"

"வராது."

அவர் வெற்றுத் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, களஞ்சியத்தைத் திறக்க எழுந்து போனார்.

உடலைக் காணாமல் எதுவும் செய்யமாட்டேன் என்று அதுவரை அவர் அக்காவுக்கு இறுதிக் கிரியை செய்யவில்லை. அக்காவின் சகோதரர்கள் அதனால் அவரோடு பேச்சை விட்டிருந்தார்கள். ஆடி அமாவாசைக்கு முதல்நாள், "மாமாங்கக் கோயிலுக்கு வாறியா தங்கச்சி? அவட ஆக்கள் வரமாட்டாங்க" என்றார். போனேன்.

தீர்த்தக் குளத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. ஐயர் பெயர் கேட்டார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐயர் மறுபடி கேட்டபோது நான்தான் சொன்னேன். எள்ளும் தண்ணீரும் அண்ணனின் விரல்களுக்கிடையே இறங்கின.

"இத்தனை வருசம் சுணங்கிட்டன்," என்றார் கரையேறும்போது. "அவ ஏசுவா."

நாங்கள் அலுவலகத்துக்குத் திரும்பியபோது, வாகரைக் கிராமங்களுக்கான கூரைத்தகடுகளோடு லொறி வாசலில் நின்றது. ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து, அவர் களஞ்சியத்தைத் திறந்தார்.