கப்பலில் முதல் பந்தி

என் மகளின் கல்யாணத்தில் நான் கடைசிப் பந்தியில் சாப்பிட்டேன். பெண்ணைப் பெற்றவன் கடைசியில்தான் உட்கார வேண்டும், அது தெரிந்ததுதான். ஆனால் வடை தீர்ந்துபோயிருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சம்பந்தி முதல் பந்தியில், முதல் இலையில் உட்கார்ந்து மூன்றாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தபோது, நான் தோளில் துண்டோடு அவருக்குப் பின்னால் நின்று பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தேன். எட்டு வருடம் ஓடிவிட்டது. சம்பந்தி நல்ல மனிதர். விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம். எல்லாவற்றிலும் என்னைவிட ஒரு படி மேலே இருக்கிறார், அதைக் காட்டிக்கொள்வதும் இல்லை. காட்டிக்கொண்டால் மனதுக்குள் திட்டிவிட்டாவது போகலாம்.

நான் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பது தொழில். எங்களிடம் ஆர்டர் கொடுக்கிற எல்லாருக்கும் சரக்கு நேற்றே வேண்டும். இப்படியே முப்பது வருடம் ஓடியதில் எனக்கு எந்த இடத்திலும் பொறுமையாக நிற்க வராது. பஸ் நிற்பதற்கு முன்பே படிக்கட்டில் இறங்கிவிடுவேன். விமானம் தரையில் உருளும்போதே எழுந்து நின்று, பெல்ட்டைப் போடச் சொல்லிப் பணிப்பெண்ணிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பெங்களூரில் இருக்கும் மகளும் மருமகனும் இந்த வருடம் ஒரு ஏற்பாடு செய்தார்கள். நாங்கள் இருவர், சம்பந்தியும் சம்பந்தியம்மாவும், ஆக நாலு பேரையும் கப்பலில் அனுப்புவது. சென்னையில் ஏறி, இரண்டு நாள் கடலில் சுற்றிவிட்டு, மறுபடி சென்னையிலேயே இறங்க வேண்டும். கிளம்பின இடத்துக்கே திரும்பி வருவதற்குக் கப்பல் எதற்கு என்று கேட்டேன். மகள் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

என் மனைவி எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் "சீசன் முடியட்டும்" என்பாள். அது நான் சொல்லிச் சொல்லி அவள் வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தை. இந்தத் தடவை உடனே சரி என்றாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"திருச்செந்தூர்ல கரையில நின்னு கடலைப் பாத்தாச்சு. கடல்ல நின்னு கரையைப் பாக்கணும். கப்பல் கிளம்பயில மேல போயி நின்னுக்கிட்டா, கரை கொஞ்சங் கொஞ்சமாச் சின்னதாப் போகும்ல? எனக்கு அது ஒண்ணு போதும்" என்றாள்.

மல்லாங்கிணறில் வானம் பார்த்த பூமியில் பிறந்து வளர்ந்தவள். இப்படி ஒரு ஆசையை எத்தனை வருடமாக வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. அப்போது நான் மருமகன் அனுப்பியிருந்த விவரங்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதில்தான் அது இருந்தது. கூடுதலாகப் பணம் கட்டினால் மற்றவர்களுக்கு முன்னால் கப்பலில் ஏறலாமாம். தனி வரிசை. கையில் கட்டிக்கொள்ள ஒரு பச்சைப் பட்டை. மூன்றாவதாக ஒரு வரி: முன்னால் ஏறுகிறவர்கள் மதிய விருந்துக்கு முன்னால் போய் உட்காரலாம். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அந்த வரியை மறுபடியும் படித்தேன். முதல் பந்தி!

மகள் தடுத்துப் பார்த்தாள். "அப்பா, ரூம் நம்பர் டிக்கெட்லயே இருக்கு. எப்ப ஏறினாலும் அதே ரூம்தான். அந்தக் காசுக்கு ஜன்னல் வச்ச ரூமா மாத்திரலாம்ப்பா."

"ஜன்னல் வழியா என்னத்தத் தெரியப்போகுது? தண்ணிதானே?" என்றேன்.

அவள் ரிசர்வேஷன் காலத்தில் வளர்ந்தவள். நான் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்தவன். சீட்டில் நம்பர் எழுதியிருந்தாலும் முந்தி ஏறாவிட்டால் அதில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான் என்பது என் ரத்தத்தில் ஊறிய ஞானம். மனைவியிடம், "முந்தி ஏறுனாத்தான் மேல கம்பி ஓரமா நல்ல இடம் பிடிக்கலாம். எல்லாம் உனக்காகத்தான்" என்றேன். தான் நினைத்ததைச் செய்துகொள்ள என் வயது ஆண்கள் பயன்படுத்தும் வார்த்தை அது. அவள் நம்பினாள். சம்பந்தி தன் பங்குக்கு ஜன்னல் அறையும் வாங்கவில்லை, முன்னால் ஏறும் பட்டையும் வாங்கவில்லை. "எல்லாரும் போற வழியிலேயே போவோமே" என்றார்.

நாலு பேரும் ஒரே வேனில் துறைமுகத்துக்கு வந்து இறங்கினோம். அங்கே இரண்டு வரிசை. சாதா வரிசை வாசல்வரை நீண்டு வளைந்திருந்தது. அதன் வாலில் சம்பந்தி சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து, முன்னால் நின்ற காரியாபட்டிக் குடும்பத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் சம்பந்தியம்மா அந்தக் குடும்பத்தின் பேரக்குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தார். எங்கள் வரிசையில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். மொத்தம் எட்டுப் பேர், ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

"நீங்க முன்னால போங்க சம்மந்தி, நாங்க பின்னாலயே வாறோம்!" என்று அங்கிருந்து சம்பந்தி கையை ஆட்டினார். எட்டு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வாக்கியம். பச்சைப் பட்டை தெரியும்படி நானும் கையை ஆட்டினேன்.

"அவங்களோட பேசிக்கிட்டே நின்னிருக்கலாம்" என்றாள் மனைவி. நான் காதில் வாங்கவில்லை.

சோதனை மேஜையில் ஓர் இளம் பெண் அதிகாரி இருந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "சார், மருந்து ஏதாவது எடுத்துட்டு வர்றீங்களா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிவகாசியில் மாத்திரையை மாத்திரை என்போம், டானிக்கை டானிக் என்போம். மருந்து என்றால் பட்டாசுக்குள் போவது மட்டும்தான். மருந்து ரூம், மருந்து கலக்கிறவர் என்றுதான் புழக்கம். அதிகாரி யாராவது வந்து மருந்தைப் பற்றிக் கேட்டால் அச்சகக்காரன் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான், அதை நான் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சத்தியமா இல்லைங்க. மருந்தை நாங்க கையால தொடுறதே இல்ல. அதெல்லாம் கம்பெனியோட சரி. நாங்க வெறும் அச்சாபீஸ்தான்."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. மனைவி என் முழங்கையைக் கிள்ளி, "என் சுகர் மாத்திரையைக் கேக்குறாங்கங்க" என்று கிசுகிசுத்தாள். அதற்குள் அதிகாரி, "எந்தக் கம்பெனி சார்?" என்று கேட்டுவிட்டார். நான், "பட்டாசுக் கம்பெனிங்க" என்று சொல்லியும்விட்டேன்.

ஒரு சின்னத் துணியால் என் பையின் ஓரங்களைத் துடைத்து மெஷினுக்குள் வைத்தார்கள். அது கத்தியது. இன்னொரு துணியால் துடைத்தார்கள். அது இன்னும் ஆனந்தமாகக் கத்தியது. கத்தாமல் என்ன செய்யும்? அது ஒரு பட்டாசுக் கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்த பை. அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்கு மாதிரி லேபிள் காட்டப் போகும்போதெல்லாம் அதைத்தான் கொண்டுபோவேன். கிடைத்த இடத்தில் கீழே வைப்பேன். மருந்துப் பொடி படியாத இடம் அங்கே எது? ஊருக்குப் போகப் புதுப் பை வாங்கச் சொல்லி மனைவி ஒரு வாரமாகச் சொன்னாள். இது நல்லாத்தானே இருக்கு என்று நான்தான் அதில் துணியை அடுக்கினேன்.

எங்களை ஒரு கண்ணாடி அறைக்குள் கொண்டுபோனார்கள். நான் யார் என்று நிரூபிக்க விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினேன். அதில் ராக்கெட் படம் போட்டிருக்கிறது, நானே வரைந்து நானே அடித்தது. பெரிய அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தொழிலைக் காட்டலாமென்று போனைத் திறந்தேன். மேலாகவே ஒரு பட்டாசுக் கம்பெனி மேனேஜரின் செய்தி இருந்தது: "அணுகுண்டு ஐயாயிரம் நாளைக்குள்ள வேணும் அண்ணாச்சி." அதற்கு என் பதிலும் இருந்தது: "ராத்திரியே லோடு ஏத்திருவோம்."

"லேபிள் சார், லேபிள்" என்றேன். அவர் தலையை ஆட்டினார், நம்பினாரா என்று தெரியவில்லை. ஊரில் கேட்டு உறுதி செய்ய வேண்டும், உட்காருங்கள் என்றார். அவர்கள் வேலையை அவர்கள் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையில் பச்சைப் பட்டை கட்டிய ஒருவன் வெடிமருந்து நாற்றத்தோடு வந்து, கேட்காத கேள்விக்குச் சத்தியம் செய்தால் நானாக இருந்தாலும் உட்காரத்தான் வைப்பேன்.

கண்ணாடிக்கு வெளியே சாதா வரிசை நகர ஆரம்பித்தது. முன்னால் நின்ற காரியாபட்டிக் குடும்பம் போனது. சம்பந்தி எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "என்ன சம்மந்தி, இங்கன உக்காந்திருக்கீக? நாங்களும் நிக்கோம், சேந்தே ஏறுவோம்."

"ஒண்ணுமில்ல, சும்மா ஒரு கையெழுத்து. நீங்க போங்க" என்றேன். இவர் முன்னால் இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று உடம்பு கூசியது. அவர் தயங்கித் தயங்கித் திரும்பிப் பார்த்தபடி போனார். போய் முதல் பந்தியில் உட்காருவார் என்று எனக்குத் தெரியும்.

"மணி என்னங்க?" என்று கேட்டாள் மனைவி. ஒன்று என்றேன். பிறகு இரண்டு என்றேன். மூன்று என்று சொன்னபோது விருந்து முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். நாலாவது தடவை கேட்டபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் விருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது.

அதற்கப்புறம் நான் எழுந்து எழுந்து நின்றேன். எல்லாரிடமும் கெஞ்சினேன். நாலேகாலுக்கு மேல் விட்டார்கள். பை மட்டும் அவர்களிடமே இருக்க வேண்டும் என்றார்கள். வேட்டியையும் சேலைகளையும் ஒரு பிளாஸ்டிக் சாக்கில் அள்ளிக்கொண்டு இரண்டு பேரும் ஓடினோம். அன்றைக்குக் கப்பலில் கடைசியாக ஏறியவர்கள் நாங்கள்தான். வாசலில் நின்ற சிப்பந்தி என் மணிக்கட்டைப் பார்த்து விசேஷமாகக் குனிந்து வணக்கம் சொன்னான்.

"மேல போகணும், எந்தப் பக்கம்?" என்று மனைவி அவனைக் கேட்டாள். கப்பல் கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே எங்களை எதிர்ப்பக்கம் திருப்பினான். ஆபத்து வந்தால் என்ன செய்வது என்ற பயிற்சியை முடிக்காமல் யாரையும் விடக்கூடாதாம். மற்றவர்களெல்லாம் மத்தியானமே முடித்துவிட்டார்கள். கப்பலின் நடு வயிற்றில் ஜன்னல் இல்லாத ஒரு கூடத்தில் எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு பெண் மிதவைச் சட்டையை மாட்டிக் காட்டினாள், விசிலை எப்படி ஊத வேண்டும் என்று ஊதிக் காட்டினாள். பாதியில் காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது.

"கிளம்பிருச்சோ?" என்றாள் மனைவி, ஆரஞ்சு நிறச் சட்டைக்குள் இருந்து.

"இல்ல இல்ல, இஞ்சினைப் போட்டுப் பாக்கான்" என்றேன். அவளிடம் சொன்ன பொய்களில் எனக்கே தாங்காத பொய் அதுதான்.

பயிற்சி முடிந்து, வழி தெரியாமல் படிக்கட்டு படிக்கட்டாகச் சுற்றி நாங்கள் மேலே வந்தபோது ஆறு மணி நெருங்கிவிட்டது. நாலு பக்கமும் தண்ணீர். மேற்கே மூட்டமாக இருந்தது, கரை எது மேகம் எது என்று தெரியவில்லை. கம்பி ஓரம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. எங்கள் ஊர் ஆட்கள் அத்தனை பேரையும் கொண்டுவந்து நிறுத்தினாலும் மிச்சம் இருக்கும், அவ்வளவு இடம். மனைவி அந்த மூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "வாங்க, உங்களுக்குப் பசிக்கும்" என்றாள். திட்டியிருக்கலாம்.

அறைக்கு வந்து சாக்கைக் கீழே வைத்தோம். நாலு சுவர், ஒரு கட்டில், சுவரில் கடல் படம். கதவு தட்டும் சத்தம் கேட்டது. சம்பந்தி நின்றிருந்தார். ஒரு தட்டில் மூடி வைத்த சாப்பாடு, இன்னொரு கையில் அவருடைய போன். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "சம்மந்தியம்மாகிட்ட இதக் குடுங்க. எனக்குச் சரியா எடுக்கத் தெரியாது" என்று போனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வீடியோ. முழுக்க ஆடியது. முதலில் அவருடைய செருப்பு தெரிந்தது, பிறகு கம்பி, பிறகு துறைமுகம். அவர் குரல் பேசிக்கொண்டே இருந்தது. "சம்மந்தியம்மா, வேன்ல வரயில நீங்க பாக்கணும்னு சொன்னீகள்ல, அதான் எடுக்கேன். இந்தா, கயித்த அவுத்துட்டான். அந்தா ஒருத்தன் கையாட்டுதான் பாருங்க, யாருன்னு தெரியல, நானும் ஆட்டிட்டேன். இப்ப தண்ணி அகலமாகுது. அந்தச் செவப்புக் கட்டடம் தீப்பெட்டி கணக்கா ஆயிருச்சு. தெரியுதா? கை வலிக்கி, கொஞ்சம் மாத்திப் பிடிச்சுக்கிடுதேன்."

மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்திருந்தாள். "தெரியுது சம்மந்தி" என்றாள் அதனிடம். "ம். தெரியுது."

அந்த வேனில் நானும்தான் இருந்தேன். அவள் சொன்னபோது பச்சைப் பட்டையை எந்தக் கையில் கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாக எங்கே போனாலும் அவளுக்கு நாலு எட்டு முன்னால் நடந்திருக்கிறேன். கோயிலில், ஆஸ்பத்திரியில், ரயிலடியில். முன்னால் போனவன் என்ன தெரிகிறது என்று ஒரு தடவைகூடத் திரும்பி அவளிடம் சொன்னதில்லை.

கரை ஒரு கோடாகி, கோடும் போனது. அதற்கப்புறமும் சம்பந்தி கொஞ்ச நேரம் வெறும் தண்ணீரைப் பிடித்திருந்தார், ஒருவேளை மறுபடி தெரியலாம் என்று நினைத்தாரோ என்னவோ. வீடியோ நின்றது. மனைவி போனை என்னிடம் நீட்டினாள்.

"இன்னொருக்காப் போடுங்க" என்றாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போட்டேன்.