இரண்டு யானைகளுக்கு நடுவே ஒரு நட்சத்திரம்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றுகூடச் சோடை போகவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், அதனால் மெல்லத்தான் சொல்வேன்.

பட்டாபிராமில் இருக்கும் இந்த வீடு என் வீட்டுக்காரர் கட்டியது. ஆவடியில் தொழிற்சாலை வேலை அவருக்கு. வீடு கட்டும்வரை தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். எண்பதுகளின் தொடக்கத்தில் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றி இங்கே வந்தோம். என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த நீலப்பூப் பீங்கான் தட்டுகளும் கப்பு சாசர்களும் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. இறக்கும்போது பெட்டி கைநழுவி விழுந்தது. தப்பியது ஒரே ஒரு சாசர். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியிலேயே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும் சிமெண்டு குழைத்தார். வாசற்படிக்கு மேலே அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து ஐந்து முனை நட்சத்திரம் செய்தார். மற்றவர்கள் டிசம்பரில் காகித நட்சத்திரம் கட்டுவார்கள். எங்கள் வாசலில் வருஷம் முழுக்க நட்சத்திரம் இருந்தது. அவர் இறந்த பிறகு காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

தொண்ணூறுகளில் என் பெரிய மகனுக்கு வீட்டின் முகப்பை மாற்ற ஆசை வந்தது. பழைய காலத்து வீடு மாதிரியும் இருக்க வேண்டும், புதுசாகவும் இருக்க வேண்டும் என்றான். சரிவான சன்ஷேடு, அதன்மேல் சிவப்பு ஓடு, தாமரை வைத்த உருண்டைத் தூண் இரண்டு. நான் தடுக்கவில்லை. நட்சத்திரத்தை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, மகளின் பிரசவத்துக்கு வேப்பம்பட்டு போய்விட்டேன்.

திரும்பி வந்த அன்று, கையில் பையோடு என் வீட்டையே தாண்டி நடந்துவிட்டேன். எதிர்வீட்டம்மா கூப்பிட்டாள்.

"இன்னாக்கா, சொந்த ஊட்ட உட்டுட்டு எங்க போறே?"

திரும்பிப் பார்த்தேன். தூணும் ஓடும் அழகாகத்தான் இருந்தன. வாசலுக்கு மேலே பார்த்தேன். இரண்டு பக்கமும் தும்பிக்கை தூக்கிய யானைகள், நடுவில் தாமரைமேல் கெஜலட்சுமி. நாங்கள் வேதம் வாசிக்கிற குடும்பம். வருகிற ஞாயிறு எங்கள் வீட்டில்தான் ஜெபக்கூட்டம். ஆனால் எனக்கு அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. நட்சத்திரம் இருந்த இடத்தில் நட்சத்திரம் இல்லை. பை எப்போது கீழே விழுந்தது என்றே தெரியாது.

சாரத்தில் நின்ற மேஸ்திரிக்கும் ஒன்றும் புரியவில்லை. பழைய காலத்து முகப்பு என்று யார் கேட்டாலும் யானையும் லட்சுமியும் அச்சில் வார்த்துச் சேர்த்து வைப்பதுதான் அவர் வழக்கமாம். இந்த வீட்டில் என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நட்சத்திரத்தைப் பற்றியும் சொல்லவில்லை. என் மகன் மறந்துவிட்டான். உள்ளேயிருந்து வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"நட்சத்திரம் எங்கய்யா?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"கொத்திட்டம்மா. கொத்தாட்டி கலவை புடிக்காது."

பிறகு அவரே, பொம்மையைக் காலையில்தான் வைத்தேன், ஈரம் காயவில்லை, கண்ணும் இன்னும் திறக்கவில்லை, பதமாக இறக்கிவிடலாம் என்றார். எதிர்வீட்டம்மா அதைத் தன் வீட்டு வாசலுக்குக் கேட்டாள்.

"வாசல் வரிக்கும் வந்த லட்சுமிய எனக்கு அனுப்புறே. அப்பால சண்டைக்கு வரக் கூடாது, சொல்ட்டேன்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சாக்கை விரித்துப் பிடித்து இறக்கினார்கள். யானைகளையும் எடுக்கட்டுமா என்றார் மேஸ்திரி. யானையைப் படைத்தவரும் ஆண்டவர்தான், இருக்கட்டும் என்றேன்.

ஈரக் கலவையைச் சுரண்டினார். நீலம் தெரிந்தது. மூன்று முனைகள் இருந்தன. இரண்டு போய்விட்டன, அந்த இடத்தில் வெறும் செங்கல். குளியலறை டைல்ஸ் மிச்சம் இருக்கிறது, அதை உடைத்து ஒட்டிவிடலாம் என்று மகன் சொன்னான். நான் உள்ளே போனேன். அலமாரியிலிருந்து சாசரை எடுத்துத் துணியில் சுற்றி, அம்மிக் குழவியால் ஒரே அடி அடித்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அம்மா, அது ஒண்ணுதானே மிச்சம்."

"ஒத்த சாசர வெச்சிகினு நான் இன்னாடா பண்ணப் போறேன்? போய்க் குடு."

துணி மூட்டையை அவன் கையில் வைத்தேன்.

மேஸ்திரி இரண்டு முனைகளையும் பதித்தார். பழைய நீலத்தைவிடப் புது நீலம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். ஞாயிறன்று ஐயர், எங்கள் பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவோம், வாசலில் நின்று வெகுநேரம் மேலே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இன்றைக்கும் எங்கள் வாசலில் இரண்டு யானைகள் ஒரு நட்சத்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கின்றன.

எழுதி முடித்துவிட்டேன். இந்தா கண்ணு, பாட்டிக்கு இதை உரக்கப் படித்துக் காட்டு. சாசர் உடைகிற இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படி.