எண்ணெய் வைத்த வியாழக்கிழமை

செய்தி வந்தபோது அடையாற்று ஆய்வுக்கூடத்தில் மூன்று பேர் இருந்தோம்: நான், ஆராய்ச்சி மாணவி திவ்யா, அவளுடைய பேராசிரியர். குறிப்புகள் எழுதிய என் நோட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். கைப்பேசியில் கீழ்வீட்டு யூசுப் பாய். "அக்கா போய்ட்டா தங்கச்சி. மெதுவா வா, ஓடி வராதே" என்றார். மனைவி பாத்திமா இறந்த அந்த நேரத்திலும் என் முட்டிவலி அவருக்கு நினைவிருந்தது.

மந்தைவெளியில் பாத்திமா அக்காவிடம் ரவிக்கை தைத்துக்கொண்ட உங்களில் பலர் இதைப் படிப்பீர்கள். எத்தனை வருடப் பழக்கமானாலும் பழைய அளவை வைத்துத் தைக்க மாட்டார். "போன மாசம்தானே எடுத்தீங்க" என்றால், "தீபாவளிக்குத் துன்னதெல்லாம் எங்கே போச்சாம்? கையத் தூக்கு" என்பார். "ஆளு மாறிக்கினே கீது, அளவு மட்டும் அப்படியே நிக்குமா?" என்று அடிக்கடி கேட்பார்.

நோய் முதலில் அந்தக் கைகளைத்தான் எடுத்துக்கொண்டது. பிறகு கால், பேச்சு. கடைசியில் கண் சிமிட்டிச் சொல்வதும் நின்றது. அறிவு மட்டும் துளியும் குறையவில்லை.

அப்போதுதான் திவ்யா அந்தத் தொப்பியுடன் வந்தாள். துணித்தொப்பி, உள்ளே சின்னச் சின்ன உலோக வட்டுகள். கணினித் திரையில் எழுத்துகளும், "ஆமாம்", "இல்லை" என்ற இரண்டு கட்டங்களும் வரிசையாக மின்னும். வேண்டிய எழுத்திலேயே மனம் வைத்திருந்தால், அது மின்னும்போது மூளையில் சிறு மின் அலை எழும். தொப்பி அதைப் பிடித்துக் கணினிக்குச் சொல்லும். ஒவ்வொரு முறையும் முதலில் அக்காவின் அலையைக் கணினிக்குப் பழக்க வேண்டும்.

"போன தடவை பழக்கினதுதானேம்மா?" என்று கேட்டேன்.

"நாளுக்கு நாள் மாறும் ஆன்ட்டி."

பாய் சிரித்துவிட்டார். "கேட்டியா பாத்திமா, இதுவும் உன் தொழில்தான்!"

நான் பள்ளிப் படிப்பை முடிக்காதவள். ஆனாலும் மின்னிய நேரம், வந்த எழுத்து, தவறிய எழுத்து எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். அக்கா முதலில் எழுதியது "டீ கொடு". முக்கால் மணி நேரம் ஆனது. திவ்யாவுக்கு நாங்கள் டீ கொடுக்க மறந்திருந்தோம்.

திவ்யா சொன்ன ஒரே நிபந்தனை, தலையில் எண்ணெய் கூடாது என்பது. எண்ணெய் இருந்தால் வட்டு சரியாகப் பதியாது, அலை கலங்கிவிடும்.

அந்த வியாழக்கிழமை அக்காவின் தலை அனலாகக் கொதித்தது. பாய் தொழப் போயிருந்தார். திவ்யா வரும் நாளும் இல்லை. மனம் கேட்காமல் தேங்காயெண்ணெயை உச்சி குளிர வைத்தேன். மாலையில் திவ்யா வந்து நின்றாள்; மறுவாரம் ஊருக்குப் போவதால் முன்னாலேயே வந்துவிட்டாளாம். துடைத்தோம், ஷாம்பு போட்டோம், முழுதும் போகவில்லை. நிறுத்தலாமா என்று கேட்டபோதெல்லாம் திரையில் "இல்லை" என்ற கட்டமே வந்தது. அக்காவுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்தில் தெளிவாக வந்தது ஒரே சொல்: "அவருக்கு". அதன் பிறகு எல்லாம் கலங்கல். நான் கற்பகாம்பாளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

"பதிவு இருக்கு. உங்க நோட்டுல நேரம் இருக்கிறதால, கலங்கலைக் கழிச்சுப் பார்க்கலாம்" என்று சனிக்கிழமை பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது.

பாயிடம் என் தவறைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "எரியுற தலைக்கு எண்ணெ வெச்சே. அவளுக்குக் குளுந்திருக்கும்" என்றார். ஆனால் தினமும் மாலையில் மாடிப்படிக்குக் கீழே நின்று கேட்கிறார்: "லேப்புல இன்னா சொன்னாங்க?"

அக்காவின் அளவு டேப் இப்போது என் பூஜை அலமாரியில் இருக்கிறது. எதையும் எனக்குத் தெரியும் என்று சொல்லுமுன் இன்னொரு முறை பார்க்கும் பழக்கம் அவர் தந்தது. அதையும் வைத்துக்கொள்கிறேன்.

திவ்யா, பேராசிரியர் ஐயா, "அவருக்கு" என்பதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கிடைத்தால் சொல்லுங்கள். கிடைக்கவில்லையென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் ஆறுதலுக்காக நீங்களாக ஒரு சொல்லை வைத்துவிடாதீர்கள். அளவெடுக்காமல் தைத்தால் அக்காவுக்குப் பிடிக்காது. பாய் காத்திருக்கிறார். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.