ரோஹானி வீட்டு அலுமாரி

ஜேர்மனியின் ஹம் நகரத்துப் பேருந்துத் தரிப்பிடத்தில் நான் என் ஐந்து வயது மகளைக் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளை “வாங்கோ, சாப்பிடுங்கோ” என்றுதான் கொஞ்சுவோம். அந்தப் பழக்கத்தில், அதிகாரிகளோடு பேசும் மரியாதை ஜேர்மனிலேயே நான் துளசியை அழைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஜேர்மன் அவ்வளவுதான்.

வீட்டில் தமிழை நிறுத்திச் சில மாதங்களாகியிருந்தன. பிள்ளை இரண்டு மொழியையும் கலக்கிறாள், இப்படியே போனால் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், வீட்டிலும் ஜேர்மனே பேசுங்கள் என்று கிண்டர்கார்டன் ஆசிரியை நல்ல மனதோடுதான் சொன்னார். ஊரில் நானும் படிப்பித்தவள். ஆசிரியர் சொல்லைத் தட்டத் தெரியாது. வேலையால் களைத்து வரும் கணவர் ஜேர்மனில் இரண்டு சொல் சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டுவிடுவார். தமிழில் ஏதும் கேட்டால் துளசிக்கு என்னிடம் ஏச்சு விழும். மெல்ல மெல்ல அவள் பேசுவதையே விட்டாள், இங்கும் அங்கும். பள்ளியில் சேர்க்குமுன் செய்யும் மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. வாய் திறக்காத பிள்ளையை விசேட பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களோ?

எங்கள் மேல்மாடியில் ரோஹானி அக்கா இருக்கிறார். மலாக்காவில் பிறந்து, ஜேர்மன்காரரை மணந்து, மாலை வகுப்புகளில் மலாய் படிப்பிப்பவர். இருவருக்கும் பொது மொழி ஜேர்மன்தான். பரிசோதனைக்கு முதல் நாள் தேநீருக்குக் கூப்பிட்டார். துளசி அவர் வீட்டுச் சாமான்களைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். அக்கா விளையாட்டாக ஒவ்வொன்றுக்கும் மலாய்ப் பெயர் சொன்னார். மேஜா. அல்மாரி. பெத்தி. காத்தில். கட்டிலில் கைவைத்தபடி துளசி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, இவ தமிழ் கதைக்கிறா. இவவுக்கு ஒருத்தரும் ஏசேல்லையோ?”

நான் அழுதுவிட்டேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு வெட்கத்தை மறைக்க, கட்டிலும் பெட்டியும் எங்கள் சொற்கள், கடையும் கப்பலும்கூட என்றேன்.

“திருப்பித் தரவேணுமோ?” என்று சிரித்தார் அக்கா. “அலுமாரியும் மேசையும் உங்கடயும் இல்லை. போர்த்துக்கேயர் ரெண்டு வீட்டிலயும் விட்டிட்டுப் போன சாமான்.”

சமஸ்கிருத, அரபு, ஒல்லாந்தச் சொற்கள் எல்லாம் மலாய்த் துறைமுகங்களில் வந்து இறங்கியவை என்றார். ஆனால் கண்ணுக்கு மலாயில் சொல்வது மாத்தா. பசிபிக் தீவுகள் பலவற்றிலும் கண்ணுக்கு அதே சொல்தானாம். கடலோடிகளாய்ப் பிரிந்துபோன ஒரே குடும்பத்து மொழிகள். இத்தனை கப்பல் வந்தும் கண்ணின் பெயர் மாறவில்லை. அதைக் கேட்டபோது, பல நாளாக நெஞ்சில் கிடந்த கனம் கொஞ்சம் அசைந்தது.

அடுத்த நாள் மருத்துவர் படங்களைக் காட்டினார். துளசி வாய் திறக்காமல் என்னையே பார்த்தாள். அவர் ஏதோ எழுதத் தொடங்கினார். அந்த அறையில், அவர் முன்னாலேயே, தமிழில் சொன்னேன்: “சொல்லுங்கோ குஞ்சு. எதில வருதோ அதில சொல்லுங்கோ.”

அவள் சொன்னாள். பாதி ஜேர்மன், பாதி தமிழ், நிறுத்தாமல். மருத்துவர் தமிழுக்கெல்லாம் என்னிடம் பொருள் கேட்டார். பேச்சில் குறையில்லை, சாதாரணப் பள்ளிக்கே போகலாம் என்றார். “வீட்டில் உங்கள் மொழியைப் பேசுங்கள். ஜேர்மன் சொல்லிக்கொடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலை.”

இங்கே பள்ளியின் முதல் நாளில் பிள்ளைகள் பெரிய கடதாசிக் கூம்பு நிறைய இனிப்போடு போவார்கள். நான் சொக்லேற்றால் நிரப்பிக்கொண்டிருக்க, ரோஹானி அக்கா வாழையிலையில் சுற்றிய கறுப்பு இனிப்புத் துண்டுகளோடு வந்தார். “தொதல்!” என்றாள் துளசி. மலாயில் அதைத் தோதோல் என்கிறார்கள். மலாய்க்காரர்தான் இலங்கைக்குக் கொண்டுவந்தார்களாம். “இதை நாங்கள் திருப்பித் தரமாட்டம் அக்கா,” என்றேன்.

காலையில் துளசி கூம்பைக் கட்டிப்பிடித்தபடி பள்ளி வாசலில் நின்றாள். அடியில் சொக்லேற், மேலே தொதல். ஒரு தோழியிடம் ஜேர்மனில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அம்மா, நீங்கள் போங்கோ,” என்றாள்.