சுஜீவாக்காவின் பேஸ்போல் அணி

சுஜீவாக்கா எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது நோயாளியைக் கட்டிலில் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்பதைத்தான். பேர்ன் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் தாதியர் கல்லூரியில் அவர் செய்முறை ஆசிரியை. இன்றைக்குச் சுவிஸில் பேஸ்போல் விளையாடுகிற மாணவர் எவரைக் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்லுவார்கள். ஆனால் அவர் அந்தக் கல்லூரிக்குப் பந்தடிக்கச் சொல்லித்தர வந்தவரில்லை.

மட்டக்களப்புக்குத் தெற்கே களுவாஞ்சிக்குடி அவருடைய ஊர். அங்கே பள்ளிக்கூட எல்லே அணிக்கு அவர்தான் தலைவி. எல்லேயும் பேஸ்போல் மாதிரித்தான்: பந்தைத் தடியால் அடித்துவிட்டு வட்டமாக ஓடவேண்டும். இருபது வயதில் சுவிஸுக்கு அகதியாக வந்தவருக்கு டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. டொச் மொழி படித்து, முதியோர் இல்லத்தில் உதவியாளராகி, பிறகு தாதியாகி, கடைசியில் தாதியருக்கே படிப்பிக்க வந்துவிட்டார். இடையில் கல்யாணமும் இரண்டு பிள்ளைகளும். தடியைத் தொடவே இல்லை.

2016 கோடையில் கல்லூரி விளையாட்டு விழாவில் பிரென்போல் நடந்தது. சுவிஸ் பள்ளிக்கூடங்களில் எல்லாரும் விளையாடுகிற, பந்தை எறிந்துவிட்டு ஓடுகிற விளையாட்டு. நாங்கள் ஆசிரியர்களுக்கு எதிராக நின்றோம். யாரோ ஒரு மட்டையும் கொண்டுவந்திருந்தார்கள். சுஜீவாக்கா அதை வாங்கி, கையில் ஒருதரம் நிறை பார்த்துவிட்டு அடித்தார். பந்து வேலியைத் தாண்டி, பக்கத்துக் கமக்காரரின் புல்வெளிக்குள் போய் விழுந்தது.

என் வகுப்பில் மாயா என்று எமென்டால் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. சின்ன வயதில் ஒரு கழகத்தில் பேஸ்போல் விளையாடியவள். அவள் நேரே போய்க் கேட்டாள்: "இங்கே ஒரு அணி தொடங்குவோமா? நான் பந்து எறிகிறேன். நீங்கள் பயிற்றுவியுங்கள்."

"எனக்கு உங்கட பேஸ்போல் தெரியாதே," என்றார் சுஜீவாக்கா.

"சட்டம் எனக்குத் தெரியும். அடிக்க உங்களுக்குத் தெரியும்."

அப்படித்தான் தொடங்கியது. முதல் பயிற்சியிலேயே ஒரு கூத்து. எல்லேயில் ஓடுகிற ஆளின் மேல் பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்யலாம். பேஸ்போலில் அது கூடாது. பழைய ஞாபகத்தில் சுஜீவாக்கா "அவளுக்கு எறிகா!" என்று கத்த, நானும் எறிந்துவிட்டேன். பந்து பட்ட பிள்ளை முதுகைத் தடவியபடி சிரிக்க, மாயா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் "கா" மட்டக்களப்புப் பேச்சு. பெண்களைக் கூப்பிடும்போது அப்படித்தான் முடிப்பார்கள். என் அப்பா அம்மா யாழ்ப்பாணம், எனக்கே அது புதுசு. ஆனால் ஒரு மாதத்துக்குள் எமென்டால் பிள்ளைகளும் சூரிச் பிள்ளைகளும் "ஓடுகா! ஓடுகா!" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். பிறகு வந்து சேர்ந்த பெடியன்களுக்கும் அதே "ஓடுகா"தான்.

முதல் வருடம் நாங்கள் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. சூக் நகரத்து வணிகக் கல்லூரி எங்களை இருபத்தாறுக்கு ஒன்று என்று அடித்து அனுப்பியது. திரும்பி வரும்போது வான் ஓட்டியவர் சுஜீவாக்காவின் கணவர் கிருபன் அண்ணை. "அந்த ஒண்டை ஆர் எடுத்தது?" என்று கேட்டார். ஒருத்தி கையை உயர்த்தினாள். வழியில் நிற்பாட்டி அவளுக்கு மட்டும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தார்.

தோல்வியைவிடப் பெரிய பிரச்சினை ஆள் சேர்ப்பது. தாதி மாணவர்கள் பாதிப்பேர் எப்போதும் ஸ்பிட்டலில், ஆஸ்பத்திரி வேலையில் இருப்பார்கள். ஒருவருக்குக் காலை வேலை, இன்னொருவருக்கு மாலை வேலை. சுஜீவாக்கா பயிற்சியையும் அதேபோல் இரண்டாகப் பிரித்தார். மாலை வேலைக்காரருக்கு விடியப் பயிற்சி, காலை வேலைக்காரருக்குப் பின்னேரம். இரண்டுக்கும் அவரே வந்து நின்றார், நடுவில் வகுப்பும் எடுத்தார். "என்ர பிள்ளையள் ரெண்டும் என்ர முகத்தை வீட்டில கண்டதைவிட மைதானத்திலதான் கூடக் கண்டதுகள்" என்று பிறகு ஒருநாள் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

இரண்டாம் வருடத்தில்தான் என் விரல் முறிந்தது. நான் கேச்சர், அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பது என் வேலை. மாயாவின் பந்து ஒன்று கையுறையைத் தப்பி வலது கையில் பட்டது. ஸ்பிட்டல் பயிற்சி பின்போனது. ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் வீட்டுக்குச் சுஜீவாக்கா வந்தபோது அம்மா கதவடியிலேயே தொடங்கிவிட்டா. என் அம்மா பரமேஸ்வரி லேசில் விடுகிற ஆள் இல்லை.

"நான் இவளை நேர்ஸ் படிக்க அனுப்பினனானோ, பந்தடிக்க அனுப்பினனானோ?"

"பிழை என்னிலதான் அக்கா," என்றார் சுஜீவாக்கா. "பந்தைப் பிடிக்கேக்க மற்றக் கையை எங்க வைக்கவேணும் எண்டு நான் சொல்லிக்குடுக்கேல்லை. எனக்கே தெரியாது. தெரியாமல் இவளை அங்க இருத்தினது பிழை."

அம்மா வேறு சண்டைக்குத் தயாராக நின்றவ. இந்தப் பதிலைக் கேட்டதும் தேத்தண்ணி போடப் போனா.

கல்லூரியில் அணியை நிற்பாட்டச் சொன்னார்கள். அதிபர் திருமதி ஸ்பிண்டன் கண்டிப்பானவர். சுஜீவாக்கா அவர் முன்னால் போய் இருந்து இப்படிச் சொன்னாராம்: "வார்டில் ஒரு நோயாளி விழுந்தால் நாங்கள் வார்டை மூடுவதில்லை. ஏன் விழுந்தார் என்று பார்த்து, இனி விழாதபடி செய்கிறோம். அதைத்தானே நான் இங்கே படிப்பிக்கிறேன். எனக்கு அதைச் செய்ய ஒரு வருடம் தாருங்கள்."

ஒரு வருடம் கிடைத்தது. வார இறுதிகளில் ரயிலேறிப் போய்ப் பயிற்றுநர் வகுப்பு படித்தார். அங்கே இருந்தவர்களில் அவர்தான் மூத்தவர். கேச்சரின் கவசத்தைத் தானே கட்டிக்கொண்டு, முழங்கால் நோக நோகக் குந்தியிருந்து பழகினார். அவர் பழகி முடிக்கும்வரை எங்களில் ஒருவரையும் அந்த இடத்தில் இருக்க விடவில்லை. சோதனையில் சித்தியடைந்த அன்றைக்கு மைதானத்துக்கு வந்து முதலில் என்னைக் கூப்பிட்டார். "வாகா ரிஷானி. கையை முதுகுக்குப் பின்னால வை. இப்ப பிடி."

அடுத்தது வேர்னர். எங்கள் பந்துகள் போய் விழுகிற புல்வெளியின் சொந்தக்காரர். ஒருநாள் புல்வெட்டு இயந்திரத்தில் பந்து சிக்கி, முகம் சிவக்க வந்து நின்றார். மறுநாள் சுஜீவாக்கா முழு அணியையும் வரிசையாக நிறுத்திப் புல்வெளியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை நடக்க வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புல்வெட்டுக்கும் முன்னால் அது எங்கள் கடமையாகிவிட்டது.

வேர்னர் ஹோர்னுசன் விளையாடுகிறவர். பேர்ன் கமக்காரர்களின் பழைய விளையாட்டு அது. நீண்ட தடியால் ஒரு சின்ன வில்லையை வானத்துக்கு அடிப்பார்கள். எதிரணி பெரிய பலகைகளை மேலே எறிந்து அதை மறிக்கவேண்டும். தூரத்தில் நிற்கிற எங்கள் வீரர்கள் உயரப் பந்துகளைத் தவறவிடுவதைக் கொஞ்சநாள் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தார்.

"பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள். அது எங்கே வரும் என்று பார்த்து அங்கே போய் நிற்கவேண்டும்."

"அப்ப நீங்களே காட்டுங்கோ," என்றார் சுஜீவாக்கா. அன்றிலிருந்து எங்கள் பயிற்சிக்கு வேர்னரும் வந்தார். அவரிடம் பழகியவர்களில் லேயா என்ற பிள்ளை மிகவும் கெட்டிக்காரி.

மூன்றாம் வருடம் வெல்லத் தொடங்கினோம். கல்லூரிகளுக்கிடையிலான மாணவர் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அதே சூக் கல்லூரி. எங்கள் மைதானம். அம்மா பெரிய சட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தா. விளையாட்டு விளங்கவில்லை, ஆனால் யாராவது ஓடினால் சத்தம்போட்டா.

கடைசிச் சுற்றில் நாங்கள் ஒன்றால் முன்னுக்கு நின்றோம். தொடக்கத்திலிருந்து பந்தெறிந்த மாயா தோளைப் பிடிப்பதைச் சுஜீவாக்கா கண்டுவிட்டார். நடந்துபோய் அவள் முன்னால் கையை நீட்டினார்.

"என்னால் முடியும்," என்றாள் மாயா. கண் கலங்கியிருந்தது.

"தெரியும். ஆனால் இந்தக் கையால் நீ இன்னும் நாற்பது வருடம் ஆட்களைத் தூக்கவேணும். பந்தைத் தா."

பந்தை வாங்கி ஜனார்த்தனிடம் கொடுத்தார். முதலாம் வருட மாணவன், இறுதியாட்டம் ஒன்றை அதுவரை பார்த்தும் அறியாதவன். அவன் பதற்றத்தில் பிழையாக எறிந்து இரண்டு பேரை அடிக்காமலே ஓடவிட்டான். பிறகு இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தான். இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் கிண்ணம் எங்களுக்கு. ஐந்தாமவன் ஓங்கி அடித்தான். பந்து வேலிப் பக்கம் உயர்ந்து போனது. அது தாண்டிவிட்டது என்றே நினைத்தேன்.

லேயா பந்துக்குப் பின்னால் ஓடவில்லை. மேலே ஒருதரம் பார்த்தாள், திரும்பினாள், வேலிக்குக் கிட்டப் போய் நின்றாள். பந்து அவள் கையுறைக்குள் வந்து விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். வேர்னர் தொப்பியை எறிந்தார். திருமதி ஸ்பிண்டன் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மாயா தோள் நோவை மறந்து ஜனார்த்தனைத் தூக்கினாள். அம்மா சுஜீவாக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து, "வெண்டிட்டியளோ? நாங்கள் வெண்டிட்டமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டா. சுஜீவாக்கா "ஓம் அக்கா, வெண்டிட்டம்" என்று சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே புல்லில் இருந்துவிட்டார்.

தாதிக் கல்லூரியில் மாணவர்கள் மூன்று வருடத்தில் போய்விடுவார்கள். ஒரு அணியை வெல்ல வைத்தால் போதாது, திரும்பத் திரும்பப் புதிதாகக் கட்டவேண்டும். நாங்கள் போனபிறகும் அந்தக் கிண்ணம் நான்கு தடவை அங்கே வந்திருக்கிறது. இப்போது இரண்டு அணிகள். பழைய மாணவர்கள் வேலைசெய்கிற இடங்களில் தாங்களும் அணிகள் தொடங்கியிருக்கிறார்கள். சூக் கல்லூரி அவரை முழுநேரப் பயிற்றுநராக வரச்சொல்லிக் கேட்டது. "நான் தாதி. காலையில வகுப்பிருக்கு" என்று சொல்லிவிட்டார்.

போன வருடம் சுவிஸ் மாணவர் அணிக்கே அவரைத் தலைமைப் பயிற்றுநராக்கினார்கள். பிராக் நகரத்துப் போட்டியின் தொடக்கத்தில் ஒவ்வொரு நாட்டுப் பயிற்றுநரும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டார்கள். "சுஜீவா அரசரத்தினம், சுவிற்சர்லாந்து" என்று அறிவித்தபோது, சிவப்புச் சட்டையோடு அவர் மைதானத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நடந்து வந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு போன நாங்கள் பத்துப்பேர் மேலே எழும்பி நின்று "ஓடுகா! ஓடுகா!" என்று கத்தினோம். பக்கத்தில் இருந்த செக் நாட்டுக்காரர், நாங்கள் என்ன மொழியில் கத்துகிறோம் என்று கேட்டார்.

"மட்டக்களப்பு," என்றாள் மாயா.