ஒரு நிமிடத்தில் நின்றுவிடும் ஒலிப்பதிவு

பலாபத்வலயில் பெரிய வீதியோரம் இருந்த ஒரு தொலைபேசிக் கடையில் யுத்த நாட்களில் கொஞ்ச காலம் வேலை செய்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதற்கு முன் லக்கலப் பக்கம், காடு வெட்டிப் பயிரிட்ட சேனைகளுக்குக் காவலிருந்து யானை விரட்டினேன். கொழும்பில் கோப்பை கழுவினேன். அங்கே என் தமிழ்ப் பெயரைப் பார்த்துப் பொலிஸார் இரண்டு முறை உள்ளே வைத்தார்கள். இரண்டாம் முறை வெளியே விட்டதும் பஸ் ஏறிவிட்டேன்.

கடையின் பழைய கணினியில் எது எந்த மூலையில் இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். முதலாளி புதியது வாங்கி வந்தபோது எல்லாம் இடம் மாறியிருந்தது. அதோடு கூடவே வந்த செயலிகளைத் தவிர வேறு ஒன்றும் அதில் இல்லை. ஆள் வராத மத்தியானங்களில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். படம் வரைவதில் யானை போட்டேன்; தும்பிக்கை மட்டும் சரியாக வரவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒன்றைத் திறந்துவிட்டு மூடத் தெரியாமல், ஒரு பகல் முழுக்கப் பூசணிக்காய் அளவு எழுத்துகளோடு வேலை பார்த்தேன். கண்ணிவெடி தேடுகிற விளையாட்டு ஒன்றும் இருந்தது. முதலாளி பார்த்துவிட்டார்.

“தம்பி, பொலிஸ்காரன் போன் கோல் எடுக்க வாற எடம் இது. அத மூடுங்க. சீட்டு விளையாடுங்க, ஒன்னும் கேக்க மாட்டான்.”

எனக்கு மிகவும் பிடித்துப்போனது குரல் பதியும் செயலிதான். சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு பச்சைக் கோடு. பேசினால் கோடு துடிக்கும், வாயை மூடினால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். சரியாக ஒரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும்.

மிளகுத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு அண்ணன் அதைக் கேள்விப்பட்டு வந்தார். அவர் மனைவி சவூதியில் வீட்டுவேலையில் இருந்தாள். இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருப்பதா என்று வெள்ளிக்கிழமைக்குள் அவள் சொல்லியாக வேண்டும். திரும்பி வா என்று சொல்ல வேண்டும் இவருக்கு. கடிதம் போய்ச்சேர மூன்று வாரம். அவள் மாதம் ஒரு தடவை எடுக்கும் தொலைபேசி அழைப்பில் இவருடைய மாமியாரும் கொழுந்தியும் பிடுங்கிப் பேசி முடித்துவிடுவார்கள். அவள் வேலை செய்யும் வீட்டுப் பெண்பிள்ளை தன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, குரலை அனுப்பினால் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். எங்கள் தொலைபேசி இணைப்பில் ஒரு நிமிடக் குரலைத் தள்ளுவதே பெரும்பாடு. ஆகவே ஒரே ஒரு பதிவுதான்.

ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தேன். கசெட்டில் பேசி அனுப்பிப் பழகியவர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“அன்பு மனைவிக்கு, ஆண்டவர் கிருபையால நாங்க எல்லாரும் நல்ல சொகம். அதுபோல நீயும் நல்ல சொகமா இருக்க மாதாவ மன்றாடுறோம். அம்மா சொகம் கேட்டாங்க. பெரியண்ணன் சொகம் கேட்டாரு. மேல்வீட்டு அக்கா...”

கோடு நின்றது.

“ஏன் தம்பி நிப்பாட்டுனீங்க?”

“நான் இல்லண்ணே. நிமிசம் முடிஞ்சிருச்சி.”

இரண்டாம் தடவை வேகமாகப் பேசினார். பக்கத்து லயத்து வீட்டார் சுகம் வரைக்கும் வந்தார். மூன்றாம் தடவை ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக்கொண்டார். முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

“அண்ணே, சொகம் விசாரிக்கிறத விடுங்க. நேரா விசயத்துக்கு வாங்க.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “நேரா சொன்னா, யாரோ செத்துப் போயிட்டாங்கன்னு பயந்துருவா. இங்க நடக்கிறதெல்லாம் அங்க ரேடியோவுல கேட்டுக்கிட்டுத்தானே இருக்கா.”

ஒலிவாங்கியைக் கையில் உருட்டினார். பிறகு அவராகவே தலையாட்டினார். பதியும் பொத்தானை அழுத்தினேன்.

“யாருக்கும் ஒன்னுமில்ல. எல்லாரும் உசுரோட இருக்கோம். நீ வந்துரு.”

பத்து வினாடி கூட ஆகவில்லை. மிச்ச நேரத்துக்கு என்ன பேசுவதென்று தெரியாமல் ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீதியில் ஒரு லொறி போனது; கோடு துடித்து அடங்கியது. “அவ்வளவுதான்” என்றார் மெல்ல. அதையே அனுப்பினோம்.

வியாழக்கிழமை பதில் வந்தது. அங்கேயும் அதே செயலிதான் போல, சரியாக ஒரு நிமிடம். ஆள் அனுப்பி அவரை வரவழைத்துப் பதிவைப் போட்டேன். ஆண்டவர் கிருபையால் அவள் நல்ல சுகம். அம்மாவின் முட்டுவலி எப்படி, பெரியண்ணனுக்குக் காணிப் பேர்மிட் கிடைத்ததா, மேல்வீட்டு அக்கா மகளுக்குச் சம்பந்தம் வந்ததா, ஆடு எத்தனை குட்டி போட்டது. “அப்புறம், நீங்க சொன்ன விசயம்” என்றாள். நின்றுவிட்டது.

எனக்கு மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்தார்.

“வர்றா தம்பி.”

“எப்பிடிண்ணே சொல்றீங்க? அவங்க ஒன்னுமே சொல்லலியே!”

“வராட்டி மொதல்லயே அழுதிருப்பா. ஆடு எத்தன குட்டின்னா கேட்டிருப்பா?”

வாசல்வரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“இன்னொருக்காப் போடுங்க. அந்த ஆட்டுக்குட்டியப் பத்தி அவ கேக்குற எடம்.”

போட்டேன்.