வெயில் டீச்சர்

மண்டியிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஜன்னல் வழியே விழுந்த வெயிலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு இழுக்கிறார் வெயில் டீச்சர். பாலர் வகுப்பு மொத்தமும் சுற்றிக் குப்புறப் படுத்துக் கிடக்கிறது. போன மாதம் போட்ட கோட்டைத் தாண்டி வெயில் அறைக்குள் நீண்டுவிட்டது. "யாருடா இதை உள்ள இழுத்தது?" என்று அதட்டுகிறார். "நான் இல்ல டீச்சர்!" என்று பத்துப் பதினைந்து குரல்கள். "அப்ப சூரியன்தான். குளிர்காலமாச்சே, தாழ இறங்கி வந்து ஜன்னல்ல எட்டிப் பாக்குது, கள்ளப் பய!"

கோட்டை அழிக்கக் கூடாது என்று கூட்டிப் பெருக்கும் அக்காவுக்குக் கண்டிப்பான உத்தரவு. "நான் தரையைத் தொடைக்கவா, உங்க வெயிலுக்குக் காவல் இருக்கவா?" என்று அந்த அக்கா தினமும் முணுமுணுப்பார். துடைப்பம் மட்டும் கோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

எந்தப் பாடமானாலும் வீட்டில் ஒத்திகை உண்டு. பஸ் ஓட்டிக் களைத்து வந்த கணவரின் வழுக்கைத் தலைதான் பூமி. டார்ச்சை அடித்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் சாயுங்க, குளிர்காலம் வரணும்" என்பார். "வரட்டும். கூடவே டீயும் வருமா?" என்றபடி அவர் கழுத்தைச் சாய்ப்பார்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் வகுப்பில் ஒரு சிறுமி சாயங்காலமானால் அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் அவள் அம்மா, "தெருவிளக்கு எரியறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிப் பழக்கியிருந்தாள். கோடை முழுக்க அந்த வாக்கு பிசகவில்லை. இப்போதோ விளக்கு முந்திக்கொண்டது. "அம்மா பொய் சொல்லிட்டா. இனிமே வரவே மாட்டா." காலையில் அம்மாவின் கையை விடாமல் வாசலிலேயே புரண்டாள். "இப்படியே போனா வேலையை விட்டுட வேண்டியதுதான் டீச்சர்" என்று அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு வயசுக்குப் பூமியும் சூரியனும் என்ன புரியும்? ஒரு பொம்மையைக் குடுத்துச் சமாளிங்க" என்றார் தலைமையாசிரியை.

"அழறது அவதானே? புரிய வேண்டியதும் அவளுக்குத்தான்" என்றார் வெயில் டீச்சர்.

ரப்பர் பந்தில் பின்னல் ஊசியைக் குத்தினார். "நம்ம வீடு எங்க?" என்று கேட்டு, சிறுமி கையாலேயே ஒரு நட்சத்திரத்தை ஒட்டச் செய்தார். டார்ச் வெளிச்சத்தில் பந்தை வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, மெல்லச் சுற்றினார். நட்சத்திரம் வெளிச்சத்துக்கு வந்த சுருக்கில் இருட்டுக்குள் போனது. சிறுமி ஊசியைப் பிடுங்கித் தானே சுற்றிப் பார்த்தாள். மறுபடியும். மறுபடியும். "வெளிச்சம் கொஞ்சூண்டுதான் இருக்கு!"

"அதான் விஷயம். அம்மா எப்பவும் வர்ற நேரத்துக்குத்தான் வர்றா. பொழுதுதான் சீக்கிரம் சாயுது."

மறுநாள் தெருவிளக்குகள் எரிந்தன. சிறுமி உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அழவில்லை. அம்மா மூச்சிரைக்க ஓடி வந்து, "லேட்டாயிடுச்சாடா தங்கம்?" என்றாள்.

"நீ லேட் இல்லம்மா. சூரியன்தான் அவசரப்பட்டுப் போயிடுச்சு."

ஓடி வந்த அவசரத்தில் அம்மாவின் ஸ்வெட்டர் பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்றில் மாட்டியிருந்தன. வெயில் டீச்சர் கிட்டே போய், தன் வகுப்புக் குழந்தைகளுக்குச் செய்வதுபோலவே, அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சரியாக மாட்டிவிட்டார்.